பிள்ளைகளோடு இங்கிலாந்து போயிருக்கும் சென்னைக் குடும்பங்களுக்கு: டிகிரி அப்ரண்டிஸ்ஷிப் பற்றி

பெற்றோரின் ஸ்கில்ட் வொர்க்கர் விசாவில் டிபெண்டன்டாகப் போயிருக்கும் 15, 16 வயதுப் பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நானும் நங்கநல்லூரில் பத்தாவது முடித்துவிட்டு அப்படிப் போனவள்தான். ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே சார்ட்டர்ட் மேனேஜர் (நிர்வாகத் துறை) டிகிரி அப்ரண்டிஸ்ஷிப் முடித்தேன். இப்போது அதே நிறுவனத்தின் சென்னை டீமோடு ஓஎம்ஆரில் இருக்கிறேன். இங்கே எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், "ஏம்மா, அங்க நல்ல காலேஜ்ல சீட் கிடைக்கலையா?" என்று பெரியம்மாக்கள் பரிதாபமாகக் கேட்கிறார்கள். அப்ரண்டிஸ் என்றதும் அவர்கள் கண்முன் வருவது ஐசிஎஃப்பும் அம்பத்தூர் எஸ்டேட்டும். அதிலும் குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் இது வேறு ஏற்பாடு என்று தெரியாமலேயே பல குடும்பங்கள் இந்த வழியைத் தள்ளிவிடுகின்றன. அதுதான் எனக்கு வருத்தம்.

இங்கிலாந்தில் 2015இல் தொடங்கிய திட்டம் இது. நீங்கள் ஒரு நிறுவனத்தின் ஊழியர், சம்பளம் உண்டு. கூடவே ஒரு பல்கலைக்கழகத்தில் படிக்கிறீர்கள். முடிவில் கிடைப்பது முழுமையான பட்டம். லெவல் 6 என்றால் இளங்கலை, லெவல் 7 என்றால் முதுகலை நிலை. கல்விக் கட்டணத்தில் ஒரு பென்னி கூட உங்களிடம் வாங்கக் கூடாது. நிறுவனமும் அரசும் பார்த்துக்கொள்ளும். பெரிய நிறுவனங்கள் 2017 ஏப்ரல் முதல் சம்பளச் செலவில் 0.5 சதவீதத்தை இதற்கென்றே வரியாகக் கட்டுகின்றன.

நம் பிள்ளைகளுக்கு இது ஏன் முக்கியம் என்றால், வழக்கமான பல்கலைக்கழகப் படிப்பில் உள்நாட்டு மாணவருக்கு 2025-26இல் கட்டண உச்சவரம்பு ஆண்டுக்கு 9,535 பவுண்டு. டிபெண்டன்ட் விசாவில் இருக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் அந்தக் கட்டணமும் கிடைக்காது, மாணவர் கடனும் கிடைக்காது. வெளிநாட்டு மாணவர் கட்டணம்தான், அது பல மடங்கு. அப்ரண்டிஸ்ஷிப்புக்கோ வேறு கணக்கு. படிப்புக்காகத் தரப்படாத விசாவில், தொடங்கும் நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகள் பிரிட்டனில் வசித்திருக்க வேண்டும். படிப்பு முடியும்வரை தங்க வழியும் இருக்க வேண்டும். மாணவர் விசாவில் வந்தவர்களுக்கு இது கிடையாது. மாஸ்டர்ஸ் படிக்க வந்துவிட்டு இதற்கு மாறலாமா என்று கேட்கிற தம்பிகள் அந்த நம்பிக்கையில் பணம் கட்டாதீர்கள்.

ஆகவே நீங்கள் இறங்கிய தேதியே முக்கியம். பதினாறில் வந்த பிள்ளைக்கு ஏ லெவல் (நம் பிளஸ் டூ மாதிரி) முடியும்போது மூன்று ஆண்டு நிறைந்திருக்காது. எனக்கும் நிறையவில்லை, இடையில் ஓர் அலுவலகத்தில் உதவியாளராக வேலை பார்த்தேன். அந்த அனுபவம்தான் பிறகு இன்டர்வியூவில் கைகொடுத்தது. இடைவெளியைப் பார்த்துப் பெற்றோர் பதற வேண்டாம்.

விண்ணப்பம் நேரடியாக நிறுவனத்துக்குத்தான். பெரிய நிறுவனங்கள் சேர வேண்டிய ஆண்டுக்கு முந்தைய இலையுதிர்காலத்திலேயே விளம்பரம் செய்துவிடும். ரிசல்ட் வரட்டும் பார்க்கலாம் என்ற நம்மூர்ப் பழக்கம் இங்கே உதவாது.

வேலையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். வாரத்தில் கிட்டத்தட்ட ஒரு நாள் அளவுக்கு வேலை நேரத்திலேயே படிப்புக்கு ஒதுக்குவார்கள். அந்த நாளை மற்றவர்கள் தின்றுவிடுவார்கள். "இந்த ஒரு மீட்டிங் மட்டும்" என்று கேட்டால், புதிதாகச் சேர்ந்த நம்மால் முடியாது என்று சொல்ல முடிவதில்லை. காலண்டரில் முதல் வாரமே பூட்டிவையுங்கள். இன்டர்வியூவில் உங்கள் முறை வரும்போது, "படிப்பு நாள் எந்த நாள், அதை யார் உறுதிசெய்வார்?" என்று கேளுங்கள். மேனேஜர் தடுமாறினால் யோசியுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரைவிட அந்த மேனேஜர்தான் உங்கள் நான்கைந்து ஆண்டுகளைத் தீர்மானிப்பார் என்பது என் திடமான கருத்து.

பிறகு போர்ட்ஃபோலியோ, அதாவது நாம் செய்த வேலையை மதிப்பீட்டுக்காக எழுதிச் சேர்க்கும் தொகுப்பு. சென்னையில் நன்றாகப் படித்த பிள்ளைகள்கூடத் திணறும் இடம் இதுதான். பாடத்தை எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுவோம். நாம் செய்த வேலையை எழுதச் சொன்னால் கை வராது. ஆதம்பாக்கத்துத் தம்பி ஒருவன் எழுதியதைப் பார்த்தேன். தேங்கிய புகார்க் கடிதங்களை எக்ஸெலில் தேதிவாரியாகப் பிரித்திருக்கிறான். பழையவை எல்லாம் ஒரே வகைப் பாலிசி என்று கண்டுபிடித்து மேனேஜரிடம் காட்டியிருக்கிறான். அவர் அந்த மேஜைக்கு ஆள் சேர்த்த பிறகு தேக்கம் குறைந்திருக்கிறது. அருமையான வேலை. ஆனால் அவன் எழுதியிருந்தது, "எங்கள் பிரிவில் தேக்கம் குறைந்தது" என்ற ஒரே வரி. மதிப்பிடுபவருக்கு அதிலிருந்து எதுவுமே தெரியாது. என்ன பார்த்தாய், ஏன் அப்படிப் பிரித்தாய், யாரிடம் எப்படிச் சொன்னாய், அடுத்தமுறை எதை மாற்றுவாய் என்று எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை பத்து வரி குறித்து வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை நீங்கள், மேனேஜர், பயிற்சியாளர் மூவரும் உட்காரும் ரிவ்யூவிலும் இதையேதான் கேட்பார்கள். அடக்கமாக இருப்பதே பண்பு என்று வளர்ந்திருக்கிறோம். செய்ததைச் செய்தேன் என்று சொல்வது தற்பெருமை ஆகாது, கண்ணா. தாராளமாகச் சொல்லுங்கள்.

சம்பளம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சட்டப்படி அப்ரண்டிஸ் குறைந்தபட்ச ஊதியம் 2025 ஏப்ரலில் மணிக்கு 7.55 பவுண்டாக இருந்தது, அது 19 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் முதல் ஆண்டில் இருப்பவர்களுக்கும்தான். அலுவலக வேலைகளில் பெரும்பாலும் இதைவிடக் கூடுதலாகவே தருகிறார்கள். ஆனாலும் லண்டன் வாடகைக்குப் போதாது. வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் தேடுவதே நல்லது.

இன்னொன்று. அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு, வேலைக்கும் வரிக்கும் வேண்டிய நேஷனல் இன்ஷூரன்ஸ் எண் பொதுவாகத் தானாக வீட்டுக்கு வரும். நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வராது, நாமே விண்ணப்பிக்க வேண்டும்.

கணக்கிலும் ஆங்கிலத்திலும் ஜிசிஎஸ்இ (அங்கத்துப் பத்தாம் வகுப்புத் தேர்வு மாதிரி) கேட்பார்கள். நம் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைச் சில நிறுவனங்கள் அப்படியே ஏற்கும், சில, வெளிநாட்டுச் சான்றிதழ்களை ஒப்பிட்டுச் சொல்லும் யூகே எனிக் அமைப்பின் சான்று கேட்கும். ஒத்துவராவிட்டால் ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் லெவல் 2 என்ற நடைமுறைக் கணக்கு, ஆங்கிலத் தேர்வு எழுதலாம். இனிமேல் கிளம்பப்போகிறவர்கள் மார்க் ஷீட், டி.சி. ஒரிஜினல்களைச் சென்னையில் பாட்டி வீட்டு பீரோவில் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். கையோடு எடுத்துப் போங்கள்.