‘அஸ்ட்ரோநாட்’டுக்குத் தமிழ்: வீரரா, ஓட்டியா, ஓடியா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

விண்வெளித் துறைச் சொல்தொகுப்பில் ‘அஸ்ட்ரோநாட்’ (அமெரிக்க வழக்கு), ‘காஸ்மோநாட்’ (ரஷ்ய வழக்கு) இரண்டுக்கும் எதிரே ‘விண்வெளி வீரர்’ என்ற ஒரே சொல் நிற்கிறது. நாளிதழ்த் தலைப்புக்கு அது போதும். கலைச்சொல்லாக நிற்க அதற்குத் தெம்பு இல்லை.

1961 ஏப்ரல் 12 அன்று 108 நிமிடத்தில் பூமியை ஒருமுறை சுற்றி இறங்கிய யூரி ககாரின் வீரர். 1983 நவம்பரில் கொலம்பியா விண்ணோடத்தில் (‘ஸ்பேஸ் ஷட்டில்’) ஏறி ஆய்வுக்கூடப் பணியைப் பார்த்த இயற்பியலாளர் உல்ஃப் மெர்போல்டும் வீரர். 2001 ஏப்ரலில் சொந்தப் பணம் கட்டி ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில் பன்னாட்டு விண்வெளி நிலையம் போய்வந்த டென்னிஸ் டிட்டோவும் வீரர். துறைக்குள் இந்த மூவருக்கும் மூன்று பெயர் உண்டு. தமிழில் படிக்கும் மாணவருக்கோ மூவரும் ஒரே வேலை செய்தவர்களாகத் தெரிகிறார்கள். பெண் என்றால் ‘வீராங்கனை’ என்று சொல்லே மாறிவிடுவது இன்னொரு சிக்கல். பதவிப் பெயர் பால் பார்த்து மாறினால் பட்டியல், படிவம், தேர்வு அறிவிப்பு எல்லாவற்றிலும் இடறும்.

என் முன்மொழிவு ‘விண்ணோடி’. கிரேக்கத்தில் ‘நாட்’ என்ற பின்பாதி கப்பலில் செல்பவரைக் குறிப்பது. தமிழில் கலம் கடலில் செல்வதை ‘ஓடுதல்’ என்றே சொல்லி வந்திருக்கிறோம். ‘திரைகடல் ஓடியும் திரவியம் தேடு’ என்பது எல்லோரும் அறிந்தது. விண் + ஓடி: தனிக்குறிலை அடுத்த மெய், உயிர் வந்தால் இரட்டிக்கும் என்ற விதிப்படி விண்ணோடி. விண்ணோடம் முன்பே வழக்கில் இருப்பதால் காதுக்கும் புதிதல்ல.

எதிர்க்கருத்துகளை எழுதுங்கள்.

———

வணக்கம் ஐயா.

முதலில் ஓர் இலக்கணக் குறிப்பு. ‘திரைகடல் ஓடியும்’ என்பதில் வரும் ‘ஓடி’ வினையெச்சம், பெயர்ச்சொல் அல்ல. கடல்வழக்குக்கு அது சான்றாகும், சொல்லாக்கத்துக்கு ஆகாது. வினையடியோடு இகர விகுதி சேர்ந்து செய்பவரைக் குறிப்பதற்கு ‘முன்னோடி’, ‘நாடோடி’ இரண்டும் நல்ல சான்றுகள். அவற்றைக் காட்டினால் யாரும் மறுக்க முடியாது.

ஆனால் வீரரைத் தள்ள அவசரம் வேண்டாம் என்பது என் கருத்து.

> கலைச்சொல்லாக நிற்க அதற்குத் தெம்பு இல்லை

மல்யுத்த வீரர், கிரிக்கெட் வீரர், தீயணைப்பு வீரர் என்று சொல்லும்போது நாம் யாரையும் போற்றிப் பாடுவதில்லை. உடலைப் பழக்கி, விதிக்குக் கட்டுப்பட்டு, ஆபத்துள்ள இடத்தில் இறங்கி வேலை செய்பவர் என்றே பொருள் கொள்கிறோம். முதல் தலைமுறைக்கு இது அப்படியே பொருந்தும். 1959இல் நாசா வைத்த அளவுகோலைப் பாருங்கள்: வயது 40க்குள், உயரம் 180 செ.மீ.க்குள், பொறியியலிலோ அதற்கு நிகரான துறையிலோ பட்டம், சோதனை விமானிப் பள்ளியில் தேர்ச்சி, ஜெட் விமானத் தகுதி, குறைந்தது 1,500 மணி நேரம் பறந்த அனுபவம். படைத்துறைக் கோப்புகள் 508ஐப் புரட்டி, 110 பேரைத் தகுதியுடையவர்களாகக் கண்டு, கடைசியில் எடுத்தது 7 பேரை. அடுத்த ஆண்டு சோவியத் எடுத்த முதல் 20 பேரும் விமானப்படையினர்தான். அவர்களுக்கான வொஸ்டாக் கலம் சிறியது, அதனால் அங்கே உயர வரம்பு 170 செ.மீ.

உயிர் போகும் வேலையாகவும் அது இருந்தது. 1967 ஜனவரி 27 அன்று நிலவுக்கு ஆளனுப்பும் அப்பல்லோ திட்டத்தின் ஒத்திகையில் கலத்துக்குள் முழுக்க ஆக்சிஜன், அதுவும் வெளிக்காற்றைவிடக் கூடுதல் அழுத்தத்தில் இருந்தது. உட்கதவு உள்பக்கமாகத் திறப்பது. தீப்பிடித்து அழுத்தம் ஏற ஏற, அந்த அழுத்தமே கதவைச் சட்டத்தோடு இறுக்கிவிட்டது. கிரிசம், வைட், சாஃபி மூவரும் தரையிலேயே மாண்டார்கள். மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 24 அன்று, சோயுஸ் 1இன் முதன்மை வான்குடை வெளிவராமல் கொமரோவ் மாண்டார். இவர்களைப் பற்றிய பாடத்தில் ‘வீரர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால், அன்றைய சமூகம் அவர்களை எந்தக் கண்ணால் பார்த்தது என்பதும் சேர்ந்தே போய்விடும். அது இரு வல்லரசுகளின் பந்தயம். ஏறியவர் நாட்டின் சார்பில் ஏறினார்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த வியப்பு நாம் இன்று நினைப்பதுபோல் எப்போதும் பொங்கிக்கொண்டிருக்கவில்லை. 1960களில் அமெரிக்காவில் எடுத்த கருத்துக்கணிப்புகளில் பெரும்பாலானவற்றில், நிலவுக்குப் போக இவ்வளவு செலவு தகும் என்றவர்கள் பாதிக்கும் குறைவு. 1969 ஜூலையை ஒட்டித்தான் ஆதரவு பாதியைத் தாண்டியது. 1966இல் அமெரிக்க அரசின் செலவில் நாசாவின் பங்கு 4 விழுக்காட்டுக்கு மேல். பத்தாண்டுக்குள் 1 விழுக்காட்டுக்கு இறங்கியது. இன்று அரை விழுக்காடுகூட இல்லை. அப்பல்லோ 18, 19, 20 மூன்றையும் 1970இலேயே கைவிட்டார்கள். ஆகவே ‘வீரர்’ என்பது ஒரு குறுகிய காலத்தின் சொல். அந்தக் காலத்துக்கு அதை விட்டுவைப்போம்.

———

இருவருக்கும் வணக்கம்.

இந்த இழையில் இன்னும் தொடாத இடம் ஒன்று உண்டு: ஓடி வேறு, ஓட்டி வேறு. கலத்தில் செல்பவர் ஓடி. கலத்தைச் செலுத்துபவர் ஓட்டி. ‘நளியிரு முந்நீர் நாவாய் ஓட்டி’ என்னும் புறநானூற்று அடியில் (66) இருப்பது இந்தப் பிறவினை. முதல் விண்வெளிப் பறப்புகளின் பெரிய தகராறே இந்த ஒற்று ‘ட்’டைப் பற்றியதுதான். அதனால்தான் இந்தச் சொல்லைச் சரியாகப் பிடிக்க வேண்டும் என்கிறேன்.

வொஸ்டாக் முழுக்கத் தானியங்கி. எடையற்ற நிலையில் மனம் பேதலித்துவிடுமோ என்ற அச்சத்தில் கைக்கட்டுப்பாட்டைப் பூட்டிவைத்தார்கள். திறக்க வேண்டுமானால் உறையைப் பிரித்து 125 என்ற எண்ணை எடுத்து அழுத்த வேண்டும். எண்ணை ககாரினுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள் என்பது பிறகு வெளிவந்தது. அதைப் பயன்படுத்தும் தேவையும் வரவில்லை. இறங்கும்போது சுமார் 7 கி.மீ. உயரத்தில் இருக்கையோடு வெளியே எறியப்பட்டுத் தனி வான்குடையில் தரை சேர்ந்தார். விமானி கலத்தோடு இறங்கினால்தான் சாதனைக் கணக்கு என்ற பன்னாட்டு விதிக்காகச் சோவியத் இதைப் பல ஆண்டுகள் மறைத்தது. சொல்லின் கண்டிப்பில் பார்த்தால் ககாரின் ஓடி, ஓட்டி அல்லர். அவர் பெருமைக்கு இதனால் எந்தக் குறையும் இல்லை.

அமெரிக்காவின் முதல் ஆளேற்றத் திட்டமான மெர்க்குரியிலும் தொடக்கத் திட்டம் இதுதான். 1959இல் எடுத்த அந்த எழுவரும் சோதனை விமானிகள். கூண்டில் வைத்து அனுப்பும் சரக்காக இருக்க மறுத்தார்கள். முகத்துக்கு நேரே சன்னல், உள்ளிருந்தே வெடித்துத் திறக்கும் கதவு, கையால் கலத்தைத் திருப்பும் வசதி இவற்றைக் கேட்டுப் பெற்றார்கள். ‘கேப்ஸ்யூல்’ என்று சொல்லாதீர்கள், ‘விண்கலம்’ என்று சொல்லுங்கள் என்று சொல்லளவிலும் வாதாடினார்கள். கலைச்சொல்லுக்காக அவர்களும் சண்டை போட்டார்கள் என்பது நமக்கு உவப்பான செய்தி. 1962 பிப்ரவரி 20 அன்று ஜான் கிளென் முதல் சுற்றை முடிக்கும் நேரத்தில் பக்கவாட்டுத் திருப்பத்துக்கான தானியங்கி உந்தி ஒழுங்காக வேலை செய்யவில்லை. மீதிச் சுற்றுகளைப் பெரும்பாலும் கையாலேயே நடத்தினார். அப்போது அவர் முழு ஓட்டி.

கைக்கட்டுப்பாடு எப்போதும் நன்மையே செய்தது என்றும் எழுதிவிடக் கூடாது. மூன்றே மாதத்தில், மே 24 அன்று, ஸ்காட் கார்ப்பென்டரின் பறப்பில் இரண்டு கட்டுப்பாட்டு முறைகள் ஒரே நேரத்தில் இயங்கி எரிபொருள் வீணானது. வேகம் குறைக்கும் ராக்கெட்டுகள் 3 விநாடி தாமதமாக எரிந்தன. அப்போது கலமும் சுமார் 25 பாகை பக்கவாட்டில் திரும்பியிருந்தது. குறித்த இடத்துக்கு ஏறத்தாழ 400 கி.மீ. அப்பால் கடலில் விழுந்தார். வெடிகதவும் அப்படித்தான். 1961 ஜூலை 21 அன்று கிரிசமின் கலத்தில் அது நேரத்துக்கு முன்பே வெடித்துத் திறந்து, கலம் மூழ்கியது. 1999இல்தான் மேலே எடுத்தார்கள்.

ஆகவே ‘விண்ணோடி’ பொதுப்பெயர்; ‘கலவோட்டி’ அதற்குள் ஒரு பணிப்பெயர். இதில் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, தமிழில் ‘ஓட்டுதல்’ நிறுவனம் நடத்துவதையும் குறிக்கும். கப்பலோட்டிய தமிழன் வ.உ.சி. சுக்கான் பிடித்தவர் அல்லர், 1906இல் கப்பல் நிறுவனம் கண்டவர். அதனால் ஏவுதல் நிறுவனத்தை ‘ஓட்டுநர்’ என்று எங்கும் எழுதக்கூடாது. ‘இயக்கும் நிறுவனம்’ என்போம். மற்றது, விண்ணோடத்தில் ‘கமாண்டர்’, ‘பைலட்’ என்ற இருவர். பைலட்டை ‘விமானி’ என்று பெயர்த்தால் அவர்தான் ஓட்டினார் என்றாகிவிடும். உண்மையில் இடது இருக்கையில் அமர்ந்து ஓடுதளத்தில் இறக்கியவர் கமாண்டர். பைலட் அவருக்குத் துணையாக இருந்து சக்கரங்களை இறக்கியவர். ‘கலத்தலைவர்’, ‘துணையோட்டி’ என்று பிரித்தால் இந்தக் குழப்பம் வராது. இன்றைய டிராகன் கலம் தானாகவே போய் இணைகிறது. 2025 ஜூன் 25 அன்று ஏவப்பட்ட ஆக்சியம்-4 என்னும் தனியார் பயணத்தில் அந்தக் கலத்தில் சென்ற இந்தியர் சுபான்ஷு சுக்லாவின் பதவி பைலட். வேலையில் பெரும்பகுதி திரையைக் கண்காணித்து, தேவை வந்தால் மட்டும் கைவைப்பது. வொஸ்டாக்கில் தொடங்கிய கேள்வி அங்கேயே திரும்பி வந்திருக்கிறது.

‘வீரர்’ பொருந்தாமல் போன கட்டத்தையும் பதிவு செய்வோம். 1965இல் நாசா 6 அறிவியலாளர்களை எடுத்தது. 1978இல் எடுத்த 35 பேரில் 20 பேர் கலத்தை ஓட்டாமல் ஆய்வு முதலிய பணிகளைச் செய்யும் ‘மிஷன் ஸ்பெஷலிஸ்ட்’ வகை, 6 பேர் பெண்கள். விண்ணோடம் பேருந்துபோல் அடிக்கடி போய்வரும் என்று அரசு சொன்னது, மக்களும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையில்தான் பள்ளி ஆசிரியர் கிறிஸ்டா மெக்காலிஃப் சாலஞ்சரில் ஏறினார். 1986 ஜனவரி 28 அன்று கடுங்குளிரில் ரப்பர் வளையம் விறைத்து, திண்ம ராக்கெட்டின் இணைப்பில் தீ கசிந்து, 73 விநாடியில் கலம் சிதறியது. அதன்பின் வணிகச் செயற்கைக்கோள்களை விண்ணோடத்திலிருந்து விலக்கினார்கள். அவரை ‘விண்வெளி வீராங்கனை’ என்று எழுதுவது மரியாதையில் பிறந்தது, புரிகிறது. ஆனால் ஆபத்தைத் தெரிந்து பழகிய சோதனை விமானிக்கும், பேருந்து என்று நம்பி ஏற்றப்பட்ட ஆசிரியருக்கும் இடையில் இருந்த வேறுபாட்டை அந்தச் சொல் மூடிவிடுகிறது. அந்த வேறுபாடு மூடப்படக் கூடாது.

———

வணக்கம். சட்டப் பெயர்ப்பு நோக்கில் மட்டும் சில வரிகள்.

டிட்டோ வகையினரை ‘விண்பயணி’ என்று எழுத நினைக்கிறோம். (ணகரம் வல்லினம் வந்தால் டகரமாகும் என்பார்கள், ‘விண்கலம்’ ஊன்றிவிட்ட பிறகு அந்தத் தடை இல்லை.) பேச்சுக்கும் செய்திக்கும் அது நல்ல சொல். ஒப்பந்தத்தில் வேண்டாம். பயணி என்றால் பத்திரமாகக் கொண்டுசேர்க்கும் கடமை வண்டிக்கு உண்டு என்றாகிவிடும். அமெரிக்கச் சட்டப்படி நிலைமை அதற்கு நேர்மாறு: இந்தக் கலம் ஆளேற்றப் பாதுகாப்பானது என்று அரசு சான்றளிக்கவில்லை என்பதை நிறுவனம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், ஏறுபவர் அறிந்து ஒப்புதல் தர வேண்டும். அங்கே அவர் பெயர் ‘விண்பறப்பில் பங்கேற்பவர்’. நீளம்தான், ஆனால் அதையே வைப்போம்.

1967 விண்வெளி உடன்படிக்கை விண்ணோடிகளை மனிதகுலத்தின் தூதர்கள் என்கிறது. 1968 மீட்பு ஒப்பந்தமோ கலத்தின் ‘பணியாளர்’ என்று பேசுகிறது. பணம் கட்டி ஏறியவர் அந்தப் பணியாளருக்குள் அடங்குவாரா என்பது சட்ட அறிஞர்கள் இன்னும் வாதிடும் கேள்வி. நாம் இரண்டையும் ‘வீரர்’ என்று பெயர்த்துவிட்டால் அந்த வாதமே தமிழில் நடக்க முடியாது.

யாருக்கு எந்தப் பெயர் என்பது வெளியேயும் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2004 முதல், 50 மைல் (சுமார் 80 கி.மீ.) தாண்டிய வணிகக் கலக் குழுவினருக்கு ‘அஸ்ட்ரோநாட்’ சிறகுப் பதக்கம் கொடுத்து வந்தது. 2021 ஜூலை 20 அன்று விதியை இறுக்கி, உயரம் மட்டும் போதாது, பறப்பின்போது பாதுகாப்புக்குப் பங்களிக்கும் வேலை செய்திருக்க வேண்டும் என்றது. அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் தன் விண்வெளி நிறுவனத்தின் கலத்தில் பறந்ததும் அதே நாள். அந்த ஆண்டு முடிவோடு பதக்கத்தையே நிறுத்திவிட்டது.

இந்தியாவின் ககன்யான் திட்டத்தில் விண்வெளி செல்லத் தேர்ந்தவர்களுக்கு வைத்த ‘ககன்யாத்ரி’ என்ற பெயரைப் பெயர்க்காதீர்கள். யாத்ரி என்பதைப் பயணி என்று ஆக்கினால் 2024 பிப்ரவரி 27 அன்று திருவனந்தபுரத்தில் அறிவிக்கப்பட்ட நால்வரும் சுற்றுலாக்காரர் வரிசைக்குப் போய்விடுவார்கள். சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன் உட்பட நால்வரும் விமானப்படைச் சோதனை விமானிகள். புதுக் கலத்தில் முதலில் ஏறுபவரை 1959இல் எப்படித் தேர்ந்தார்களோ, கிட்டத்தட்ட அப்படியே தேர்ந்திருக்கிறார்கள். ‘ககன்யாத்ரி’ சிறப்புப் பெயராக இருக்கட்டும்.

———

அனைவருக்கும் நன்றி. இரண்டாவது மடலில் அம்மா காட்டிய இலக்கணப் பிழையை ஏற்கிறேன். சான்றாக ‘முன்னோடி’யை வைக்கிறேன். பதிவு இப்படி அமையலாம்:

விண்ணோடி: பயிற்சி பெற்று, பணியின் பகுதியாக விண்வெளி செல்பவர், இருபாற்பொது, பன்மை விண்ணோடிகள், மரியாதைக்கு விண்ணோடியர். கலத்தலைவர், துணையோட்டி, பணித்திட்ட வல்லுநர் (‘மிஷன் ஸ்பெஷலிஸ்ட்’), ஏற்புச்சுமை வல்லுநர் (‘பேலோட் ஸ்பெஷலிஸ்ட்’) ஆகியவை இதன் உள்வகைகள். பணிப்பொறுப்பு இன்றிச் செல்பவர் பொதுவழக்கில் விண்பயணி, சட்டவழக்கில் விண்பறப்பில் பங்கேற்பவர். ‘விண்வெளி வீரர்’ வழக்குச்சொல்லாகத் தொடரும். பழைய நூல்களில் அதை மாற்ற வேண்டாம்.

சொற்றொடரில் வைத்துப் பார்த்தேன். ‘1963 ஜூன் 16 அன்று விண்ணோடி வலந்தீனா தெரெஷ்கோவா தனியாகப் புறப்பட்டு 48 முறை பூமியைச் சுற்றினார்’ என்பது தடையில்லாமல் ஓடுகிறது. ‘1984 ஏப்ரல் 3 அன்று விண்ணோடி ராகேஷ் சர்மா சோயுஸ் டி-11இல் சென்றார்’ என்பதும் நிற்கிறது. ‘விண்ணோடி போனார்’ என்று பெயரில்லாமல் வந்தால் மட்டும், விண்ணுக்கு ஓடிப்போனார் என்று காதில் விழுகிறது. அந்த இடத்தில் ‘புறப்பட்டார்’ என்று எழுதச் சொல்லி ஒரு பயன்பாட்டுக் குறிப்புச் சேர்க்கிறேன்.

‘சோவியத் ஒன்றியத்தின் விமானி–காஸ்மோநாட்’ என்பது அரசு தந்த பட்டம். அதைப் பெயர்க்காமல் அப்படியே விடுகிறேன்.