'சூப்பர்செஷனிசம்': பதிலீடா, இடமேற்பா?

அன்புடையீர்,

ஆபிரகாமின் வழியினரோடு கடவுள் செய்த உடன்படிக்கையில் யூத மக்களுக்கு இருந்த இடம், கிறிஸ்துவின் வருகைக்குப் பின் திருச்சபைக்கு உரியதாயிற்று என்னும் போதனையை ஆங்கிலத்தில் 'சூப்பர்செஷனிசம்' என்கிறார்கள். நம் அகராதியில் அதற்குரிய தலைச்சொல்லாக இதுவரை 'மாற்று இறையியல்', 'ஆவிக்குரிய இஸ்ரவேல் கொள்கை', 'பதிலீட்டு இறையியல்' ஆகிய மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றையும் படித்துப் பார்த்தபின், 'இடமேற்புக் கொள்கை' என்பதை நான் பரிந்துரைக்கிறேன்.

'மாற்று இறையியல்' பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மாற்று மருத்துவம், மாற்றுக் கல்வி என்று பழகிய வாசகர் இதை, ஒடுக்கப்பட்டோரின் விடுதலையை முன்வைக்கும் விடுதலை இறையியலைப் போன்ற ஏதோ ஒன்றாகவே எடுத்துக்கொள்வார். 'ஆவிக்குரிய இஸ்ரவேல்' என்பது பிரசங்க மேடைகளில் வழங்கும் சொல்தான்; ஆனால் அது அக்கொள்கையை உடையோர் தங்களுக்குத் தாங்களே சூட்டிக்கொள்ளும் பெயர். இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின், திரைஃபோ என்னும் யூதருடன் உரையாடுவதாக எழுதிய நூலில், கிறிஸ்தவர்களே மெய்யான இஸ்ரவேல், அதாவது கடவுள் தெரிந்துகொண்ட மக்கள், என்று வாதிட்டார். வாதத்தில் ஒரு தரப்பு கோரும் பட்டத்தையே அகராதியின் தலைச்சொல்லாக்குவது முறையாகாது.

'பதிலீடு' பலருடைய ஆதரவைப் பெற்றிருப்பதால் அதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். முதல் தடை, அது ஏற்கெனவே வேறொரு போதனையோடு ஒட்டிக்கொண்டிருப்பது. மனிதருக்குப் பதிலாகக் கிறிஸ்து தண்டனையை ஏற்றார் என்னும் மீட்புக் கோட்பாட்டைச் சொல்லும்போது பதிலாள், பதிலாள் மரணம் என்ற சொற்கள் சீர்திருத்த சபைகளில் இயல்பாக வருகின்றன. 'பதிலீட்டு இறையியல்' என்று தலைப்பிட்டால் இறையியல் மாணவர் சிலுவையைப் பற்றிய பாடத்தைத்தான் எதிர்பார்ப்பார். இரண்டாம் தடை இன்னும் பெரியது. பதிலீடு என்றால் ஒன்றை எடுத்துவிட்டு அங்கே மற்றொன்றை வைத்தல். ஆதித் திருச்சபையின் பெரும் ஆசிரியரான அகுஸ்தீன் சொன்னது அதுவன்று. யூதர்கள் தங்கள் வேதநூல்களைச் சுமந்துகொண்டு நாடெங்கும் சிதறி வாழ்வதே கிறிஸ்தவ விசுவாசத்திற்குச் சாட்சி என்றும், ஆகவே அவர்களைக் கொல்லலாகாது என்றும் அவர் சங்கீதம் 59-ஐக் கொண்டு வாதிட்டார். அவருடைய பார்வையில் யூதர் மறைந்து போகவில்லை. சிறப்பிழந்த நிலையில் தொடர்ந்து இருக்கிறார்கள். ஸ்ட்ராஸ்பர்க் பேராலயத்தின் தெற்கு வாயிலுக்கு 13-ஆம் நூற்றாண்டில் செதுக்கிய இரண்டு பெண் சிலைகளும் இதையே காட்டுகின்றன: கிரீடமணிந்து, சிலுவைக் கொடியும் கிண்ணமும் ஏந்தி நிற்பவள் திருச்சபை, கண்கள் கட்டப்பட்டு, முறிந்த ஈட்டியுடன், கட்டளைப் பலகை கைநழுவத் தலைகுனிந்து நிற்பவள் யூத சமயத்தைக் குறிக்கும் ஜெப ஆலயம். இரண்டாமவளை வாயிலிலிருந்து யாரும் அகற்றவில்லை. அவளை அங்கேயே நிறுத்தித் தோற்றவளாகக் காட்டுவதுதான் சிற்பியின் நோக்கம். இக்கொடுமையைப் 'பதிலீடு' என்ற சொல்லால் விளக்க முடியாது.

'இடமேற்பு' என்பதைப் 'பதவியேற்பு' என்ற சொல்லின் போக்கிலேயே அமைத்தேன். ஒருவர் பதவியேற்றார் என்று செய்தியில் படிக்கும்போது, முன்பிருந்தவர் நீக்கப்பட்டாரா, பதவிக்காலம் முடிந்து விலகினாரா என்பதை அந்தச் சொல் நமக்குச் சொல்வதில்லை. அடுத்த வரியில்தான் தேட வேண்டும். நமக்குத் தேவையான நடுநிலையும் இதுவே. ஏனெனில் இறையியலாளர் ஆர். கெண்டல் சூலன் 1996-இல் வெளியிட்ட ஆய்வு இக்கொள்கையை மூன்று வகையாகப் பிரிக்கிறது. மூன்றும் வேறுபடுவது முன்னவர் எப்படிப் போனார் என்பதில்தான்.

கிறிஸ்துவை ஏற்காத குற்றத்திற்காக இஸ்ரவேல் தள்ளப்பட்டது என்பது முதல் வகை, கி.பி. 70-இல் எருசலேம் ஆலயம் அழிந்ததைத் திருச்சபைத் தந்தையர் (ஆதித் திருச்சபையின் ஆசிரியர்கள்) பலர் இதற்குச் சான்றாகக் காட்டினர். இதைத் 'தண்டனை இடமேற்பு' எனலாம். இஸ்ரவேலின் பணி கிறிஸ்துவுக்கு வழி ஆயத்தம் செய்வதே, அவர் வந்ததும் அது முடிந்தது என்பது இரண்டாம் வகை. இங்கேதான் ஒரு பள்ளம் இருக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு 'எக்கனாமிக்' என்ற அடைமொழி உண்டு. அகராதியைத் திறந்து 'பொருளாதார இடமேற்பு' என்று எழுதிவிட்டால் வாசகர் வட்டித் தொழிலைப் பற்றிய கட்டுரை என்று நினைப்பார். கடவுள் மீட்பை நடத்தும் ஒழுங்கைக் குறிக்கத் தந்தையர் ஆண்ட 'ஒய்கொனோமியா' என்னும் கிரேக்கச் சொல்லின் வழியில் வந்தது அது. 'மீட்புத் திட்டம்' என்று நாம் ஏற்கெனவே சொல்லி வருவதால், 'திட்ட இடமேற்பு' போதும்.

மூன்றாம் வகைதான் கண்ணுக்கு எளிதில் படாதது. படைப்பு, வீழ்ச்சி, கிறிஸ்து, முடிவு என்று கதையைச் சொல்லிக்கொண்டே போகும்போது இஸ்ரவேலின் வரலாறு முழுவதும் வெறும் பின்னணியாகிவிடுவது. ஞாயிறுதோறும் சொல்லும் அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தையே பாருங்கள்: வானத்தையும் பூமியையும் படைத்த பிதாவைச் சொன்ன மூச்சிலேயே கன்னி மரியாளிடத்தில் பிறந்த குமாரனுக்கு வந்துவிடுகிறது, இடையே ஆபிரகாமும் இல்லை, சீனாய் மலையும் இல்லை. நைசீயாப் பிரமாணத்தில் தீர்க்கதரிசிகள் வருகிறார்கள்; ஆனால் இஸ்ரவேல் என்ற பெயர் அதிலும் இல்லை. யாரையும் பழிக்காமலே நிகழும் இந்த விடுபடலைக் 'கட்டமைப்பு இடமேற்பு' என்று குறிக்கலாம்.

கத்தோலிக்க நண்பர் ஒருவர், கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் இக்கொள்கையே இல்லையே, சொல் எதற்கு என்று கேட்டிருந்தார். ஐயா, கைவிடப்பட்டதைப் பெயர் சொல்லித்தானே கைவிட முடியும்? 1965 அக்டோபர் 28 அன்று அச்சங்கம் வெளியிட்ட 'நோஸ்த்ரா எத்தாத்தே' அறிக்கையின் நான்காம் பகுதி, யூதர்களைக் கடவுளால் ஒதுக்கப்பட்டவர்களாகவோ சபிக்கப்பட்டவர்களாகவோ காட்டலாகாது என்றது. 1980-இல் மைன்ஸ் நகரில் யூதப் பிரதிநிதிகளைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கடவுள் ஒருபோதும் திரும்பப் பெறாத பழைய உடன்படிக்கையைப் பற்றிப் பேசினார். அதே ஆண்டு ஜெர்மனியின் ரைன்லாந்து புராட்டஸ்டண்ட் திருச்சபையின் பேரவையும் யூத மக்களின் நிலையான தெரிந்தெடுப்பை ஏற்று அறிவித்தது. இந்தத் தரப்புக்கு 'மாறா உடன்படிக்கைக் கொள்கை' என்ற பெயர் பொருந்தும். ரோமர் 11:29-இல் கிருபை வரங்களையும் அழைப்பையும் நம் பழைய மொழிபெயர்ப்பு 'மாறாதவைகள்' என்றே சொல்கிறது.

ஆனால் இதை 'இரட்டை உடன்படிக்கைக் கொள்கை'யோடு ஒன்றாக்கிவிடக் கூடாது. யூதருக்கு ஒரு வழி, பிறருக்குக் கிறிஸ்துவின் வழி என்று இணையான இரு மீட்பு வழிகளைச் சொல்வது பின்னது. 2015 டிசம்பரில் வத்திக்கானின் யூத உறவுகளுக்கான ஆணையம் வெளியிட்ட ஆவணம் இடமேற்பையும் ஏற்கவில்லை, இந்த இரு வழிகளையும் ஏற்கவில்லை. மூன்று தனிச் சொற்கள் இல்லாமல் அந்த ஆவணத்தின் ஒரு பத்தியைக்கூடத் தமிழில் குழப்பமின்றி எழுத இயலாது.

சீர்திருத்த மரபினர் பலர் இடமேற்பு என்ற முத்திரையையே விரும்பாமல் 'நிறைவேற்றம்' என்பார்கள். நியாயப்பிரமாணத்தை அழிக்க அல்ல, நிறைவேற்றவே வந்தேன் என்ற மத்தேயு 5:17 அவர்களுக்கு ஆதாரம். அதைத் தனிப் பதிவாக்கி, இடமேற்பின் ஒரு வகையாகப் பிறர் அதைக் கருதுவதையும், அவர்கள் அதை மறுப்பதையும் சேர்த்தே குறிக்கலாம். 19-ஆம் நூற்றாண்டுப் போதகர் டார்பி தொடங்கி, 1909-ஆம் ஆண்டின் ஸ்கோஃபீல்டு விளக்கக் குறிப்பு வேதாகமத்தால் பரவிய, ஆங்கிலத்தில் 'டிஸ்பென்சேஷனலிசம்' எனப்படும் கொள்கை இஸ்ரவேலையும் சபையையும் இரு வேறு மக்களாகவே வைப்பதால் இந்தப் பதிவுக்குள் வராது. அதற்குரிய சொல்லைத் தனி இழையில் பேசலாம்.

தலைச்சொல் 'இடமேற்புக் கொள்கை' என இருக்கட்டும். 'பதிலீட்டு இறையியல்' என்று தேடுவோர் இங்கே வந்து சேர ஒரு வழிமாற்றும் வேண்டும். எடுத்துக்காட்டு வரிகளில் இஸ்ரவேல், இஸ்ரயேல் ஆகிய இரு எழுத்து வழக்குகளையும் அந்தந்தச் சபை மேற்கோளில் உள்ளபடியே விட்டுவிடலாம் என்பது என் கருத்து.