கைவேலை பொம்மைக்கு ஆன்லைன் கடை: ஷாப்பிஃபையா, வூகாமர்ஸா?

நூல்கண்டு:
எல்லாருக்கும் வணக்கம். நானும் என் தங்கச்சியும் கிரோஷே பொம்மை பின்னி வித்துட்டு இருக்கோம், 2 வருஷமா இன்ஸ்டாகிராம்லயும் வாட்ஸ்அப்லயும்தான் ஓடுது, மாசம் 30, 40 ஆர்டர் வருது. எல்லாமே சாட்லயே நடக்கறதால யாரு என்ன கலர் கேட்டாங்க, யாரு பணம் போட்டாங்க, யாருகிட்ட இன்னும் அட்ரஸ் வாங்கலனு ஒரு நோட்டுல எழுதி வெச்சு சமாளிக்கறோம். போன மாசம் ஒரே யானை பொம்மைய நான் ஒருத்தருக்கும் தங்கச்சி இன்னொருத்தருக்கும் வித்துட்டோம், ஒருத்தர்கிட்ட மன்னிப்பு கேட்டு பணத்த திருப்பி அனுப்பினோம், அது அவங்க குழந்தையோட பிறந்தநாளுக்கு கேட்டது, ரொம்ப கஷ்டமா போச்சு.

அதான் சொந்தமா ஒரு வெப்சைட் கடை போட்டுடலாம்னு முடிவு பண்ணிருக்கோம். கோடிங் சுத்தமா தெரியாது. கடை போடற சாஃப்ட்வேர்ல சிலர் ஷாப்பிஃபைங்கறாங்க, சிலர் வூகாமர்ஸ் ஃப்ரீ அதுக்கு போங்கறாங்க. தெரிஞ்ச ஒரு டெவலப்பர் டொமைன் (சைட்டோட அட்ரஸ்), ஹோஸ்டிங் (சைட்ட வெக்கற சர்வர் இடம்) எல்லாத்தையும் தானே பாத்துக்கறேன்னு சொல்றார். எது நல்லது, என்னென்ன கவனிக்கணும்னு அனுபவப்பட்டவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கல்லாப்பெட்டி:
முதல்ல அந்த டெவலப்பர் விஷயம். அவர் நல்லவராவே இருக்கட்டும், ஆனா டொமைன உங்க பேர்ல, உங்க ஈமெயில் ஐடில, உங்க கார்டுலதான் வாங்கணும். வாங்கிட்டு அவருக்கு டிஎன்எஸ், அதாவது அந்த அட்ரஸ் எந்த சர்வருக்கு போகணும்னு சொல்ற செட்டிங், அத மாத்தற அளவுக்கு மட்டும் ஆக்சஸ் குடுங்க. நான் என் முதல் கடைக்கு இத செய்யல. செஞ்சு குடுத்தவர் வேற வேலைக்கு போய்ட்டார், ரினியூவல் மெயில் அவரோட பழைய ஐடிக்கு போய்ட்டே இருந்துருக்கு, ஒருநாள் காலைல சைட் திறக்கல. 3 வருஷமா கஸ்டமருங்க மனப்பாடமா வெச்சிருந்த அட்ரஸ் அது, திரும்ப கிடைக்கவே இல்ல. கடை சாஃப்ட்வேர எப்ப வேணா மாத்திக்கலாம், டொமைனும் கஸ்டமர் லிஸ்டும் கைவிட்டு போனா எல்லாத்தையும் மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.

இப்ப உங்க கேள்வி. வூகாமர்ஸ் ஃப்ரீதான், அது வேர்ட்பிரஸ்ங்கற சைட் சாஃப்ட்வேர் மேல ஓடற ஒரு ப்ளகின், அதாவது கூடுதலா சேத்துக்கற சாஃப்ட்வேர். ஆனா ஹோஸ்டிங், பேக்கப், அப்டேட், ஏதாவது ப்ளகின் இன்னொன்னோட முட்டிக்கிட்டா அத சரி பண்றது எல்லாம் உங்க தலையில. ஷாப்பிஃபைல மாசாமாசம் கட்டணும், அதுக்கு பதிலா சர்வர் பத்தி நீங்க யோசிக்கவே வேண்டாம். அதோட கதையே அப்படித்தான், 2004ல டோபி லூட்கேங்கறவர் ஆன்லைன்ல ஸ்னோபோர்டு விக்க நல்ல சாஃப்ட்வேர் கிடைக்காம தானே எழுதிக்கிட்டார், அதுதான் 2006ல ஷாப்பிஃபையா வெளிய வந்துச்சு. ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, ஷாப்பிஃபையோட சொந்த பேமெண்ட் வசதி எல்லா நாட்டுலயும் கிடையாது, வெளி கேட்வே (கஸ்டமர்கிட்டேர்ந்து பணத்த வாங்கி நமக்கு அனுப்பறவங்க) போட்டா ஒவ்வொரு ஆர்டருக்கும் தனியா ஒரு சதவீதம் எடுப்பாங்க, கேட்வேகாரங்க எடுக்கறது அதுக்கு மேல. மாசக் கட்டணத்த மட்டும் பாத்து கணக்கு போடாதீங்க.

2 பேர், கோடிங் தெரியாது, பின்னறதுக்கே நேரம் பத்தாதுன்னா என் ஓட்டு ஷாப்பிஃபைக்கு.

இரவுப்பறவை:
கல்லாப்பெட்டி அண்ணா சொன்ன டொமைன் விஷயத்துக்கு ஒரு பெரிய ஆமா. ஆனா நான் வூகாமர்ஸ்லதான் 5 வருஷமா இருக்கேன், கத்துக்கிட்டா நல்லாவே ஓடும். அதுல போறதா இருந்தா நான் பட்ட ஒண்ண சொல்லிடறேன். வூகாமர்ஸ்ல இன்வென்டரி செட்டிங்ஸ்ல ஹோல்ட் ஸ்டாக்னு ஒண்ணு இருக்கும், நாம எதுவும் மாத்தாம விட்டா அது 60 நிமிஷம். பணம் வராத ஆர்டர அவ்ளோ நேரம் பிடிச்சு வெச்சிருந்து அப்புறம் தானா கேன்சல் பண்ணி பொருள திரும்ப ஸ்டாக்ல போட்டுடும், உங்க யானை பொம்மை மாதிரி ஒரே பீஸ் இருக்கற கடைக்கு நல்ல வசதி. ஆனா பணம் வந்துச்சுன்னு கேட்வே நம்ம சைட்டுக்கு சொல்றது வெப்ஹூக் வழியா, அதாவது நாம குடுத்த ஒரு அட்ரஸுக்கு அது தானா அனுப்பற தகவல். என் சைட்ட டெஸ்ட் அட்ரஸ்லேர்ந்து நிஜ அட்ரஸுக்கு மாத்தினப்ப கேட்வே டாஷ்போர்டுல வெப்ஹூக் அட்ரஸ மாத்த மறந்துட்டேன். கஸ்டமர் பணம் கட்டிட்டாங்க, எனக்கும் கேட்வேல காட்டுது, சைட்டுல மட்டும் ஆர்டர் பெண்டிங், ஒரு மணி நேரம் கழிச்சு தானா கேன்சல் ஆயிடுது. ஒரே ராத்திரில 4 பேர். காலைல எழுந்து ஒவ்வொருத்தருக்கா ஃபோன் போட்டு பேசினேன்.

அதனால எந்த சாஃப்ட்வேரா இருந்தாலும் சரி, கடைய திறக்கறதுக்கு முன்னாடி உங்க சொந்த கார்டுல நிஜமா ஒரு ஆர்டர் போட்டு, மெயில் வருதா, ஸ்டாக் குறையுதா பாத்துட்டு, அத ரீஃபண்டும் பண்ணி பாருங்க. பல கேட்வேல ரீஃபண்ட் பண்ணினா முதல்ல பிடிச்ச கமிஷன் திரும்ப வராது, அதையும் அப்பவே தெரிஞ்சுக்கலாம்.

அட்டைப்பெட்டி:
யாரும் கூரியர் பத்தி சொல்லலயே, பொம்மை விக்கறவங்களுக்கு அதுதான் முக்கியம். கிரோஷே பொம்மை எடை கம்மி, இடம் ஜாஸ்தி. கூரியர்காரங்க நிஜ எடை, வால்யூமெட்ரிக் எடை ரெண்டுல எது ஜாஸ்தியோ அதுக்குதான் காசு வாங்குவாங்க. நீளம், அகலம், உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி 5000ஆல வகுக்கறதுதான் பெரும்பாலும், சிலர் வேற எண் வெச்சிருப்பாங்க, கேட்டுக்கோங்க. 400 கிராம் பொம்மைய 30, 25, 20 பெட்டில வெச்சீங்கன்னா 15000, 5000ஆல வகுத்தா 3 கிலோ! 400 கிராம்னு நெனச்சு ஷிப்பிங் ரேட் போட்டா ஒவ்வொரு ஆர்டர்லயும் கைக்காசு போகும்.

ஷிப்பிங் செலவ கடைசி பக்கத்துல திடீர்னு காட்டவும் செய்யாதீங்க. கார்ட்ல போட்டுட்டு வாங்காம போறவங்க சொல்ற முதல் காரணமே கடைசில ஏறற எக்ஸ்ட்ரா செலவுதான்னு பேமார்டுங்கற ஆராய்ச்சி நிறுவனம் வருஷக்கணக்கா செக்அவுட் ஆராய்ச்சி பண்ணி சொல்றாங்க. பொருள் பக்கத்துலயே எழுதிடுங்க. அக்கவுண்ட் தொடங்கினாதான் வாங்க முடியும்னும் வெக்காதீங்க, கெஸ்ட்டா வாங்க விடுங்க.

நூல்கண்டு:
ரொம்ப ரொம்ப நன்றி எல்லாருக்கும். 3 கிலோ கணக்க படிச்சுட்டு உடனே டேப் எடுத்து எங்க பெட்டிய அளந்தேன். நாங்க ஒரே சைஸ் பெட்டிதான் எல்லாத்துக்கும் போட்டுட்டு இருந்தோம், பின்னலுக்கு ஒண்ணும் ஆகாதுங்கறதால சின்ன பொம்மைங்கள இனிமே கவர்லயே அனுப்பலாம்னு தங்கச்சி சொல்றா. டொமைன் இன்னிக்கு என் பேர்லயே வாங்கிட்டேன். ஷாப்பிஃபைலயே ஆரம்பிக்கறோம்.

இன்னும் ஒண்ணு, ஆர்டர் மெயில் எல்லாம் கஸ்டமருக்கு ஸ்பாம்ல போகுதுன்னு ஒரு தோழி பயமுறுத்தறாங்க, அதுக்கு என்ன பண்ணணும்? மொத்தம் 60 டிசைன் இருக்கு, எல்லாத்தையும் ஏத்திட்டுதான் திறக்கணுமா?

கல்லாப்பெட்டி:
மெயிலுக்கு உங்க டொமைன் டிஎன்எஸ்ல எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூணு ரெக்கார்டும் சேக்கணும், மெயில் நிஜமாவே உங்ககிட்டேர்ந்துதான் வருதுன்னு காட்டறது இதுங்கதான். 2024 பிப்ரவரிலேர்ந்து ஜிமெயிலும் யாஹூவும் இதுல கண்டிப்பா இருக்காங்க. ஷாப்பிஃபை செட்டிங்ஸ்ல டொமைன ஆதென்டிகேட் பண்ற இடத்துல என்ன போடணும்னு அதுவே காட்டும், அப்படியே காப்பி பண்ணி ஒட்டினா போதும்.

60ம் வேண்டாம்மா. நல்லா போற 10 எடுத்துக்கோங்க. ஜன்னல் வெளிச்சத்துல முன்னாடி, பின்னாடி, கிட்டத்துல தையல், கைல பிடிச்ச மாதிரி ஒண்ணுனு 4 படம். கைல பிடிச்ச படம் இல்லன்னா சைஸ் தெரியாம வாங்கிட்டு சின்னதா இருக்கேன்னு திருப்பி அனுப்புவாங்க, உயரத்த சென்டிமீட்டர்லயும் எழுதுங்க. குழந்தைங்களுக்கு வாங்கறதால கண்ணு பிளாஸ்டிக்கா, நூல்ல தெச்சதா, எந்த வயசுக்குனு கண்டிப்பா போடுங்க.

இன்ஸ்டாகிராம்ல யாராவது கேட்டா இனிமே சாட்ல விக்காதீங்க, அந்த பொம்மையோட லிங்க்க அனுப்புங்க. ரெண்டு இடத்துல வித்தா யானை கதை மறுபடியும் வரும்.

நூல்கண்டு:
சரிங்க அண்ணா. கண்ணு நூல்லயே தெச்சதுதான், அத இதுவரைக்கும் எங்கயுமே எழுதினதில்ல. முதல் 10ல யானையும் இருக்கு, அந்த பிறந்தநாள் குழந்தைக்கு ஒண்ணு தனியா பின்னிட்டு இருக்கேன்.