டெங்கு மொடல் சொன்னது நடக்கவில்லை. பிழை எங்கே?

கோண்டாவில்பிள்ளை:
இறுதியாண்டு ஆய்வுக்கு மழையளவையும் பழைய டெங்கு எண்ணிக்கையையும் வைத்து, நோய் எப்போது கூடும் என்று கணிக்கும் ஒரு கணித மொடல் செய்தேன். மார்கழியில் எங்கள் பிரிவில் நோயாளர் எக்கச்சக்கமாகக் கூடுவர் என்று ஐப்பசியிலேயே காட்டியது. வரைபடத்தைப் பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவிடம் கொடுத்தேன். அவர் கையோடு துப்புரவுச் சிரமதானம் வைத்தார். டயர், சிரட்டை, பாவிக்காத கிணறு என்று வளவு வளவாகப் பார்த்தார். மழை சொன்னபடியே கொட்டியது. நோயாளரோ நான் சொன்னதில் பாதிகூட இல்லை. மேற்பார்வையாளர் மொடல் பிழை என்கிறார். எதைத் திருத்துவது?

மணியண்ணை:
தங்கச்சி, அவசரப்பட்டு ஒன்றையும் அழிக்க வேண்டாம். மழை வரும் என்று சொன்னால் மழைக்குக் காது கேளாது. நோய் வரும் என்றால் சனத்துக்குக் கேட்கும். 2014 செப்டெம்பரில் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் எபோலாவுக்கு ஒரு கணக்குப் போட்டது. மேலதிக நடவடிக்கையோ சனத்தின் நடத்தையில் மாற்றமோ இல்லாவிட்டால், லைபீரியாவிலும் சியரா லியோனிலும் 2015 ஜனவரி 20க்குள் 14 இலட்சம் பேர்வரை தொற்றலாம் என்றது. கடைசியில் மேற்கு ஆபிரிக்கா முழுவதற்குமே ஏறத்தாழ 28,600 தான். அந்த 'இல்லாவிட்டால்' உங்கள் வரைபடத்தில் எழுதியிருந்ததா?

சந்தேகி:
வசதியான கதை அண்ணை. கூடினால் மொடல் சரி, குறைந்தால் எச்சரிக்கை வேலை செய்தது! பிறகு எந்த மொடல்தான் பிழையாகும்? முதலில், கொழும்புத் தரவைக் கலந்தீர்களா? அங்கே ஆனி, ஆடியில் கூடும். எங்கள் யாழ்ப்பாணத்தில் மார்கழி, தை. அடுத்தது, சிரமதானத்துக்கு முன்னும் பின்னும் நுளம்புக் குடம்பி கண்ட வளவுகள் எத்தனை? குடம்பி குறையாமல் நோய் மட்டும் குறைந்திருந்தால் பெருமை உங்களுக்கில்லை.

கோண்டாவில்பிள்ளை:
கொழும்பு கலக்கவில்லை. குடம்பிப் பதிவு கேட்டிருக்கிறேன். வரைபடம் போகாத பக்கத்துப் பிரிவில் நோய் கூடித்தான் இருக்கிறது.

மணியண்ணை:
நல்ல ஒப்பீடு, ஆனால் முழுதாக நம்பாதீர்கள். எச்சரிக்கை கிடைத்த இடத்தில் டொக்டர்மார் சின்னக் காய்ச்சலுக்கும் இரத்தம் சோதிப்பார்கள். எண்ணிக்கை அதனாலேயே ஏறும். மற்றது, இந்த வருடத் தரவை அப்படியே மொடலுக்குள் போட வேண்டாம். மழை கூடினால் டெங்கு குறையும் என்று படித்துவிடும். அடுத்த மாரிக்குக் கோடு கீழே போகும், ஒருவரும் வளவு கூட்டமாட்டார்கள். துப்புரவு நடந்த வாரங்களுக்குத் தனி நிரல் போடுங்கள்.

கோண்டாவில்பிள்ளை:
குடம்பி கண்ட வளவுகள் நன்றாகவே குறைந்திருக்கின்றன! ஒரு சிக்கல். அடுத்த முறை கோட்டைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டுங்கோ, அப்போதுதான் சனம் அசையும் என்கிறார் பிஎச்ஐ ஐயா.

சந்தேகி:
உயர்த்த வேண்டாம். இரண்டு கோடு கீறிக் கொடுங்கள்: சும்மா இருந்தால் ஒன்று, துப்புரவு செய்தால் மற்றது.