ஃபெட்டா வைத்த கிரேக்க பர்கர் பிளந்து சீஸ் ஓடுகிறது, சனிக்கிழமைக்குள் உதவி வேண்டும்

டோர்ட்முண்ட் அடுப்படி

வணக்கம். எங்கள் தெருமுனைக் கிரேக்க உணவகத்தில் பிஃப்டெக்கி என்று ஒன்று தருவார்கள். அரைத்த இறைச்சியைத் தட்டையாகத் தட்டி, நடுவில் ஃபெட்டா வைத்துச் சுட்டது. மகனுக்கு அது என்றால் உயிர். அவனுடைய 12ஆவது பிறந்தநாளுக்கு அதையே பன்னுக்குள் வைத்து பர்கராகச் செய்து தருவதாகச் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை பத்துப் பிள்ளைகள் வருகிறார்கள். மூன்று தரம் செய்து பார்த்தேன், மூன்றும் சரிவரவில்லை.

வீட்டில் மாடு சேர்ப்பதில்லை. துருக்கிக் கடையில் ஆட்டுத் தொடையை அரைத்து வாங்கினேன். 600 கிராம் இறைச்சிக்கு ஒரு பெரிய வெங்காயத்தைத் துருவி அப்படியே சேர்த்தேன். ஒரு முட்டை, ரஸ்க் தூள், ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, ஒரிகானோ, புதினா. நன்றாகச் சேரட்டும் என்று பத்து நிமிடம் பிசைந்து, இரவு முழுக்க பிரிட்ஜில் வைத்தேன். மறுநாள் ஃபெட்டாவை உதிர்த்து நடுவில் வைத்து மூடி, தாச்சியைப் புகை வரும்வரை சூடாக்கிப் போட்டேன்.

ஓரம் பிளந்து சீஸ் தாச்சிக்குப் போய்விட்டது. கடித்தால் ரப்பர் மாதிரி இருக்கிறது, உப்பும் கரிக்கிறது. போதாததற்கு மேலே வைக்கிற ட்சட்சிக்கி என்ற தயிர்-வெள்ளரிக்காய்ச் சேர்வை தண்ணீராகி பன்னை ஊறவைத்துவிடுகிறது. எங்கே பிழை விடுகிறேன்?

மிளகுரசம்

இன்னொரு முட்டையும் கொஞ்சம் ரஸ்க்கும் கூட்டிப் போடுங்கள். பிளக்காது.

கரியடுப்பு

தங்கச்சி, முட்டையைக் கூட்டாதீர்கள். இன்னும் இறுகும். நான் ஹனோவரில் ஒரு கிரேக்க உணவகச் சமையலறையில் 11 வருடம் நின்றவன். தினமும் கையால் பிஃப்டெக்கி தட்டியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ரப்பராகிறதற்கு முதல் காரணம் உப்பு. அரைத்த இறைச்சியில் உப்பைப் போட்டுப் பிசைந்தால் அதிலுள்ள புரதம் கரைந்து பசை மாதிரி ஆகும். சொசேஜ் செய்கிறவர்கள் வேண்டுமென்றே செய்கிற வேலை அது. நீங்கள் பத்து நிமிடம் பிசைந்து ஓர் இரவும் விட்டிருக்கிறீர்கள், அது சொசேஜாகத்தான் வரும். உப்பில்லாமல் இரண்டு நிமிடம் பிசைந்தால் போதும். சுடப் போகிற நேரத்தில் வெளிப்பக்கம் மட்டும் உப்பைத் தூவுங்கள். 600 கிராமுக்கு அரைத் தேக்கரண்டி தாராளம், மீதியை ஃபெட்டா பார்த்துக்கொள்ளும். அது உப்பு நீரில் கிடந்து பழுத்த சீஸ்.

அடுத்தது தொடை இறைச்சி. அதில் கொழுப்பு குறைவு, சுட்டால் வறண்டுவிடும். தோள்பட்டையை எடுத்து, நெஞ்சுப் பக்கத்துக் கொழுப்பும் கொஞ்சம் சேர்த்து அரைத்துத் தரச் சொல்லுங்கள். ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு இருந்தால் நல்லது.

வெங்காயத்தைத் துருவிப் பிழியுங்கள், ஆனால் சாற்றைக் கொட்ட வேண்டாம். பழைய பாண் இரண்டு துண்டைக் கரை வெட்டி அந்தச் சாற்றில் ஊறவைத்து, மசித்து இறைச்சியோடு சேருங்கள். ரஸ்க் தூளும் முட்டையும் தேவைப்படாது. பாண் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இறைச்சியும் இறுகாது. ஒரு மேசைக்கரண்டி ஒலிவ் எண்ணெய். ஒரிகானோவை உள்ளங்கையில் தேய்த்துப் போடுங்கள், வாசம் அப்போதுதான் எழும்பும்.

இனி பிளக்கிற விஷயம். ஃபெட்டாவில் பாதிக்கு மேல் நீர்தான். புளிப்பு அதிகம் என்பதால் பீட்சா சீஸ் போல உருகி இழுபடாது, இளகி நிற்கும். உதிர்த்து வைத்தால் துணுக்குகள் ஓரத்துக்கு வந்துவிடும், அந்த இடம் ஒட்டாது. 25 கிராம் வரும்படி ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில் பலகையாக வெட்டி, காகிதத் துவாலையால் ஒற்றி, 20 நிமிடம் உறைபெட்டியில் வைத்து எடுங்கள். 150 கிராம் இறைச்சியை இரண்டு தட்டையாகத் தட்டி நடுவே சீஸை வையுங்கள். சுற்றிவர இரண்டு விரல் அகலம் வெறும் இறைச்சி இருக்க வேண்டும். அந்த ஓரத்தை ஈரக்கையால் அழுத்தி மூடுங்கள்.

புகையும் தாச்சியில் போட்டால் வெளிப்பக்கம் சட்டென்று சுருங்கி உள்ளே இருப்பதை நெரிக்கும். நடுத்தரச் சூடு போதும், பக்கத்துக்கு ஐந்தாறு நிமிடம். அரைத்த இறைச்சி என்பதால் நடுவில் 71 பாகை வர வேண்டும். வெப்பமானியைச் சீஸில் குத்தாமல் பக்கத்து இறைச்சியில் குத்திப் பாருங்கள். பிள்ளைகள் சாப்பிடுவது, இதைக் கண்மதிப்பில் விட வேண்டாம்.

வெண்ணிலவு

ட்சட்சிக்கிக்கு நான் சொல்கிறேன் அக்கா. கடையில் கிரேக்க வகைத் தயிர் என்று எழுதியிருப்பதெல்லாம் வடித்த தயிர் இல்லை. 10 சதவீதக் கொழுப்புள்ளதை வாங்கி, வெள்ளைத் துணியில் கட்டி இரவு பிரிட்ஜுக்குள் வடியவிடுங்கள். வெள்ளரிக்காயைத் துருவி உப்புப் போட்டு அரை மணி நேரம் வைத்து, கை வலிக்கும்வரை பிழியுங்கள். உள்ளி ஒரு பல், வினாகிரி, ஒலிவ் எண்ணெய், கொஞ்சம் சதகுப்பி இலை. பன்னில் முதலில் சலாது இலை, அதன் மேல் இறைச்சி, கடைசியில் ட்சட்சிக்கி. பன் ஊறாது.

டோர்ட்முண்ட் அடுப்படி

இருவருக்கும் மிக்க நன்றி. அண்ணா, பிரிட்ஜில் இருக்கிற பொதியை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். அதில் ஃபெட்டா என்றே இல்லை, ஹிர்டன்கேஸ என்று இருக்கிறது, பசும்பால். பரவாயில்லையா? இன்னொன்று, கொஞ்சம் சீரகம் போட ஆசையாக இருக்கிறது.

கரியடுப்பு

அதை வைத்தும் செய்யலாம், ஆனால் ருசி வேறு. 2002இல் ஐரோப்பிய ஒன்றியம் ஃபெட்டா என்ற பெயரைக் கிரேக்கத்துக்கென்று பதிவு செய்தது. செம்மறிப் பால், அதோடு கூடினால் 30 சதவீதம் வெள்ளாட்டுப் பால், பசும்பால் கூடாது. அதனால்தான் இங்கே பசும்பால் சீஸுக்கு வேறு பெயர். ஆட்டிறைச்சிக்குள் வைக்க அந்த உண்மையான புளிப்பு வேண்டும், ஒரு பிறந்தநாளுக்கு அந்தச் செலவைச் செய்யுங்கள். உப்புக் கூடவாக இருந்தால் அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு எடுங்கள்.

சீரகம் போட்டால் அது பிஃப்டெக்கி இல்லை, சுட்சுகாக்யா பக்கம் போய்விடும். 1922இல் ஸ்மிர்னாவிலிருந்து (இன்றைய துருக்கியின் இஸ்மிர்) அகதிகளாக வந்த கிரேக்கர்கள் கூடவே கொண்டுவந்த ருசி அது, தக்காளிக் குழம்பில் போடுகிற நீள உருண்டை. எனக்கு மிகவும் பிடித்த சாப்பாடு. இன்னொரு நாள் தனியாகச் செய்யுங்கள்.

டோர்ட்முண்ட் அடுப்படி

வியாழன் இரவு நான்கு செய்து பார்த்தேன். மூன்று அருமை! கத்தி வைத்தால் மெத்தென்று இறங்குகிறது. மகன் ஒன்றை அப்படியே சாப்பிட்டுவிட்டான். நான்காவது மட்டும் திருப்பும்போது பக்கவாட்டில் வாய் திறந்தது. சனிக்கிழமைக்கு 12 வேண்டும், முதல் நாளே தட்டி வைக்கலாமா?

கரியடுப்பு

சந்தோஷம் தங்கச்சி. நான்காவதைத் தட்டும்போது கைச்சூட்டில் கொழுப்பு இளகியிருக்கும், ஓரம் ஒட்டியிருக்காது. இறைச்சியைப் பாதி பாதியாக வெளியே எடுங்கள். கீழ்ப்பக்கம் நன்றாகச் சிவந்து தானாக விடுபட்ட பிறகு அகலக் கரண்டியால் திருப்புங்கள், அழுத்த வேண்டாம்.

வெள்ளி பின்னேரமே தட்டலாம். உப்புப் போடாமல், இடையில் எண்ணெய்க் காகிதம் வைத்து, மூடி, பிரிட்ஜின் அடித்தட்டில் வையுங்கள். சனிக்கிழமை உப்புத் தூவி நேரே தாச்சிக்கு. 12ஐயும் ஒரே தடவையில் நெருக்கிப் போட்டால் நீர் விட்டு அவிந்துவிடும், நான்கு நான்காகப் போடுங்கள். முதலில் சுட்டவை 80 பாகை ஓவனில் மற்றவை முடியும்வரை இருக்கட்டும்.