"எல்லாம் வேதத்தில் இருக்கிறது": மேகநாத் சாகா எழுதிய மறுமொழி பற்றி ஒரு கேள்வி

நூலகவாசி:
மேகநாத் சாகா 1938இல் சாந்திநிகேதனில் ஆற்றிய உரையை, புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்த அனில்பரண் ராய் 'பாரதவர்ஷ' என்ற வங்க இதழில் மறுத்து எழுத, சாகாவும் அதே இதழில் விடையளித்தார். பழம்பெருமை பேசும் போலி அறிவியலைக் கண்டிக்க வந்த வானியற்பியலாளர் அங்கே சாதியை எதற்காக இழுத்தார்? இரண்டும் வேறு வேறு அல்லவா?

கரிசல்:
முதலில், சாகா சொன்ன ஒரு டாக்கா வழக்கறிஞரின் கதை. நட்சத்திரங்களில் அணுக்கள் எலக்ட்ரானை இழந்து அயனியாவதைப் பற்றிய தம் ஆய்வைச் சாகா விளக்க விளக்க, இதில் புதிதாக என்ன, எல்லாம் வேதத்திலேயே உள்ளதே என்றாராம் அவர். எந்தப் பகுதியில் என்று கேட்டதும், தாம் வேதம் படித்ததில்லை என்று ஒப்புக்கொண்டார். சாகாவோ வேதங்களையும் புராணங்களையும் பழைய சோதிட நூல்களையும் பல ஆண்டுகள் புரட்டிப் பார்த்த பிறகே எழுதினார். இந்தப் பொறுமை எனக்கு வராது.

வைகறை:
நூலகவாசி ஐயா, சாகாவுக்கு அவை இரண்டும் ஒன்றுதான். டாக்கா மாவட்டக் கிராமமொன்றில் சிறு கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர், கல்கத்தா மாணவர் விடுதியில் மற்றவர்களோடு ஒரே பந்தியில் உண்ண விடாமல் சாதியைக் காட்டி விலக்கப்பட்டவர். நெய்பவரையும் உலோகம் உருக்குபவரையும் கீழே தள்ளி, ஏடு படிப்பவரை மேலே வைத்த சமூகத்தில் கைக்கும் மூளைக்கும் தொடர்பு அறுந்துபோனது என்பதே அவர் வாதம். சோதனை செய்து பார்க்கும் கை இல்லாத இடத்தில், பழைய ஏடே எல்லாவற்றுக்கும் சான்றாகிவிடுகிறது.

ஆடிக்காற்று:
அவருடைய ஏளனத் தொனி எனக்கு உவப்பில்லை. ஆனால் நாட்காட்டிச் சீர்திருத்தத்தில் வாதம் கணக்காக மாறியது. அதற்காக இந்திய அரசு 1952இல் அமைத்த குழுவுக்குச் சாகாவே தலைவர். பழைய வானியல் நூலான சூரிய சித்தாந்தத்தின் ஆண்டு, பருவங்கள் ஒரு சுற்று வரும் பருவ ஆண்டைவிட ஏறத்தாழ 24 நிமிடம் நீளம் என்பதால், ஒருகாலத்தில் பகலும் இரவும் சமமாகும் மார்ச் மாதச் சம இரவு நாளை ஒட்டி வந்த நம் சித்திரை முதல் நாள் இன்று ஏப்ரல் 14இல் நிற்கிறது. இதைப் பிழை என்றார் சாகா. நட்சத்திரத்தை வைத்தே ஆண்டைக் கணிக்கிறோம் என்பது பஞ்சாங்கக்காரர்களின் பதில், அதையும் தள்ளிவிட முடியாது. சக ஆண்டுமுறையைக் கொண்டு குழு வகுத்த தேசிய நாட்காட்டி, சாகா மறைந்த மறு ஆண்டு, 1957 மார்ச் 22 அன்று நடைமுறைக்கு வந்தது. அரசிதழில் இன்றும் அந்தத் தேதி அச்சாகிறது. முகூர்த்தம் குறிப்பவர் எவரும் அதைப் பார்ப்பதில்லை.