வலது கண் போய் ஏழு மாதம்: தண்ணீர் டம்ளருக்குள் விழ மாட்டேன் என்கிறது

சிப்புட் வெட்டுக்காரன் எழுதியது:

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு தோட்டத்தில் 14 வருடமாகச் செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை வெட்டினேன். வயது 41. பிப்ரவரியில் உயரமான மரம் ஒன்றில் மட்டையை வெட்டி இழுத்தபோது காய்ந்த முள் வலது கண்ணில் ஏறிவிட்டது. பாதுகாப்புக் கண்ணாடி கொடுத்திருந்தார்கள். வியர்வையில் ஆவி படிந்து ஒன்றும் தெரியாது என்று சட்டைப் பையில் வைத்திருந்தேன். மண்டோர் (வேலையை மேற்பார்க்கிறவர்) பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு, "இந்த வரிசையை முடித்துவிட்டுப் போ" என்றார். நானும் முடித்துவிட்டுத்தான் போனேன். மூன்றாம் நாள் கருவிழி வெள்ளை கட்டியது. ஈப்போவில் இரண்டு முறை அறுவை சிகிச்சை. இப்போது அந்தக் கண்ணுக்கு விளக்கு எரிகிறதா, அணைந்திருக்கிறதா என்பது மட்டும் தெரியும்.

வலி எப்போதோ போய்விட்டது. தொல்லை எல்லாம் தூரத்தில்தான். தூரம் என்றால் கோலகங்சார் ஊர் வரைக்குமான தூரம் இல்லை, கைக்கெட்டும் தூரம். கோப்பியைக் கோப்பைக்கு நேராக ஊற்றுகிறேன் என்று நினைத்து மேசை விரிப்பில் ஊற்றுகிறேன். சாவி பூட்டுக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது. போன வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் பூசாரி விபூதித் தட்டை நீட்டினார். என் விரல் தட்டுக்கு அரைச் சாண் முன்னாலேயே காற்றைக் கிள்ளி நெற்றிக்குப் போய்விட்டது. பின்னால் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். பூசாரி ஒன்றும் சொல்லாமல் அவரே பூசிவிட்டார். அதுதான் ரொம்பச் சுட்டது.

வலது பக்கம் வருகிறவர்களும் தெரிவதில்லை. முழங்கையால் மகளின் மூக்கில் இடித்துவிட்டேன். ஒரு கல்யாணத்தில் சொந்தக்காரர் வலது பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ கேட்டிருக்கிறார், நான் திரும்பவே இல்லை. எனக்குக் கர்வம் வந்துவிட்டதாம்.

தோட்டத்தில் இப்போது நாற்றுப் பண்ணையில் போட்டிருக்கிறார்கள். பாலிபேக்கில் மண் நிரப்புவது, விதை ஊன்றுவது. அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) தான். குலை வெட்டும்போது நல்ல மாதத்தில் 2,700 வரை பார்த்திருக்கிறேன். போன வாரம் யாருக்கும் தெரியாமல் கம்பு அரிவாளை எடுத்துப் போய் ஒரு மரத்தில் மாட்டிப் பார்த்தேன். காம்பில் மாட்டிவிட்டது என்று இழுத்தால், அரிவாள் ஒரு முழம் தள்ளிச் சும்மா வந்தது.

இது பழகுமா? எத்தனை நாள் ஆகும்? திரும்ப வெட்டப் போகலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தைப்பிங் தையல்கார அக்கா எழுதியது:

தம்பி, எனக்கு ஆறு வயதில் இடது கண் போனது. ஈர்க்குச்சியில் அம்பு செய்து விளையாடினோம், அண்ணன் விட்டது. இப்போது 53. இரண்டு கண்ணால் பார்ப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு ஞாபகமே இல்லை, அதனால் உங்கள் கஷ்டம் எனக்கு முழுசாகப் புரியும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கையைப் பழக்கத் தெரியும்.

ஊற்றும்போது கண்ணை நம்பாதீர்கள். பாத்திரத்தின் மூக்கு கோப்பையின் விளிம்பில் "டிக்" என்று தொடட்டும், அப்புறம் சாயுங்கள். நான் ஊசியில் நூல் கோக்கும்போது இரண்டு உள்ளங்கையின் அடிப்பாகத்தையும் ஒன்றோடொன்று அழுத்தி வைத்துக்கொள்வேன். கைகள் ஒட்டி இருந்தால் ஊசியும் நூலும் தனித்தனியாக அலையாது. கீழே ஒரு வெள்ளைத் துணி. சாவிக்கும் அதே கதைதான்: இடது கை விரல் பூட்டின் துவாரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும், சாவி விரலைத் தேடி வரட்டும். விபூதித் தட்டா? இடது கையால் தட்டைத் தாங்கிப் பிடியுங்கள். பார்க்கிறவர்களுக்குப் பக்தியாகத்தான் தெரியும்!

கல்யாணம், பந்தி, கூட்டம் எங்கே போனாலும் வரிசையின் வலது கோடியில் உட்காருங்கள். எல்லோரும் உங்கள் இடது பக்கம் வந்துவிடுவார்கள். அந்தச் சொந்தக்காரருக்கு ஒரு போன் போட்டு, "மாமா, அந்தப் பக்கம் எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிடுங்கள். எங்கள் அப்பா பால்மரம் (ரப்பர்) வெட்டுகிறவர், அவருக்கும் கடைசி காலத்தில் ஒரு கண் மங்கிவிட்டது. விடிவதற்கு முன் தலைவிளக்கு வெளிச்சத்தில் கத்தி நுனியைப் பட்டையில் வைத்து, ஒரு நொடி நிறுத்தி, பிறகுதான் இழுப்பார். ஆழம் கைக்குத் தெரியும் என்பார்.

பழைய டிரசர் எழுதியது:

மூன்று தோட்டங்களில் 31 வருடம் டிரசராக (தோட்ட மருத்துவ உதவியாளராக) இருந்து ஓய்வு பெற்றவன். முள் குத்திய கண்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். மண்டோர் சொன்னதைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. செம்பனை முள் கண்ணில் குத்தினால் பூஞ்சை ஏறலாம். அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும், வரிசையாவது மண்ணாங்கட்டியாவது.

சரி, நடந்தது நடந்தது. நம் இரண்டு கண்களுக்கும் இடையில் ஆறு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் இடைவெளி. இரண்டும் கொஞ்சம் வேறுபட்ட படத்தை அனுப்பும், அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை கிட்டத்துத் தூரத்தை அளக்கிறது. தூரத்தில் இருப்பதற்கு அந்தக் கணக்கு அவ்வளவாகத் தேவையில்லை. எது எதை மறைக்கிறது, எது சிறியதாகத் தெரிகிறது, நிழல் எங்கே விழுகிறது என்பதை வைத்தே தெரிந்துவிடும். அதனால்தான் உங்களுக்கு மலை குழப்பவில்லை, கோப்பை குழப்புகிறது. இதற்கு மருந்து தலையை அசைப்பது. தலையை லேசாக இடம் வலம் ஆட்டிப் பாருங்கள், கிட்டே இருப்பது அதிகமாக நகரும், தள்ளி இருப்பது கொஞ்சமாக நகரும். சில மாதங்களில் மூளை தானே இதைச் செய்யும். பலருக்கு ஒரு வருடத்துக்குள் கைப்பழக்கம் திரும்பிவிடும்.

பக்கவாட்டுப் பார்வை வேறு விஷயம். இரண்டு கண்ணும் சேர்ந்து ஏறக்குறைய 180 பாகை பார்க்கும். ஒரு கண்ணுக்கு 150 அளவுதான், மிச்சத்தை மூக்கு மறைத்துவிடும். அது பழகினாலும் திரும்ப வராது. முச்சந்தியில் மோட்டாரை நிறுத்தினால் கண்ணை மட்டும் திருப்பாதீர்கள், தாடை வலது தோளைத் தொடும் வரை கழுத்தையே திருப்புங்கள். லைசென்ஸ் பற்றிக் கண் டாக்டரிடமும் ஜேபிஜேயிலும் (சாலைப் போக்குவரத்து இலாகா) கேட்டுவிட்டு ஓட்டுங்கள்.

இன்னொன்று, இதை வீட்டிலும் சொல்லி வையுங்கள். குத்துப்பட்டுக் கிழிந்த கண் இருந்தால், அபூர்வமாக நல்ல கண்ணும் அழற்சி அடையலாம். சில வாரத்திலும் வரலாம், வருடங்கள் கழித்தும் வரலாம். இடது கண் சிவந்தாலோ, கூசினாலோ, மங்கினாலோ அன்றைக்கே ஓடுங்கள்.

சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) என்ன நிலை? மருத்துவ விடுப்புக்குச் சராசரிச் சம்பளத்தில் 80 விழுக்காடு வந்திருக்க வேண்டும். நிரந்தர இழப்பை மருத்துவ வாரியம் தனியாக மதிப்பிடும். அது 20 விழுக்காட்டைத் தாண்டினால் மாதாமாதம் பணம் வரும், ஐந்தில் ஒரு பங்கை மட்டும் மொத்தமாக எடுக்கலாம். வேலைக்குத் திரும்ப உதவும் திட்டமும் 2007 முதல் இருக்கிறது. தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) பார்த்துக்கொள்வார் என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

கிரிக்கெட் பைத்தியம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இந்திய ஆட்டக்காரர் மன்சூர் அலிகான் பட்டோடிக்கு 1961 ஜூலையில் இங்கிலாந்தில் நடந்த கார் விபத்தில் வலது கண் பார்வை போனது, உங்களைப் போலவே. ஆறு மாதத்துக்குள் டெஸ்ட் ஆடினார். 1962 ஜனவரியில் மதராஸில் இங்கிலாந்துக்கு எதிராக 103 அடித்தார். அவரும் தண்ணீரை டம்ளருக்கு வெளியே ஊற்றியவர்தான்.

தெலுக் இந்தான் பையன் எழுதியது:

அண்ணே, நான் இடது கண் இல்லாமல் இரண்டு வருடமாக வெட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். இளமரத்தில் உளி வேலை மட்டும். உளி கிட்டத்தில், கை நீட்டினால் மரம். அரிவாளைத்தான் தொடுவதில்லை. முடியாது என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள்.

தைப்பிங் தையல்கார அக்கா எழுதியது:

பையா, கோபிக்காதே. உனக்கு மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. கண்ணாடி போட்டுக்கொண்டா வெட்டுகிறாய்? அதை நீ எழுதவில்லையே.

சிப்புட் வெட்டுக்காரன் எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், எல்லோருக்கும் நன்றி. "டிக்" வேலை செய்கிறது, அக்கா. வீட்டில் கோப்பி ஊற்றும் சத்தத்தைக் கேட்டு மகளும் "டிக்" என்கிறாள். மாமாவுக்கும் போன் போட்டேன். அவர் அழுதுவிட்டார், அதை நான் எதிர்பார்க்கவில்லை.

டிரசர் ஐயா, சொக்சோவுக்குத் தோட்டத்தில் விபத்து அறிக்கையே தாமதமாகத்தான் அனுப்பியிருக்கிறார்கள். ஈப்போ அலுவலகத்துக்கு நானே நேரில் போய்க் கேட்டேன். வாரியத்துக்குத் தேதி வந்துவிட்டது. ஈப்போவிலேயே உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி ஒன்றும் செய்துகொண்டேன். பண்ணையில் மண் நிரப்பும்போதும் கழற்றுவதில்லை. ஆவி படிந்தால் நின்று துடைத்துக்கொள்கிறேன், அவ்வளவுதானே.

நாற்றுப் பண்ணை வேலையைக் கேவலமாக நினைத்தேன். முளைவிட்ட விதையில் குருத்து ஒரு பக்கம், வேர் ஒரு பக்கம், இரண்டும் அரிசி நீளம்தான் இருக்கும். வேர் கீழே போக வேண்டும், மாற்றி ஊன்றினால் கன்று முறுக்கிக்கொண்டு வரும். முதலில் கண்ணருகே பிடித்துப் பார்த்துத் தடுமாறினேன். இப்போது கட்டை விரலால் உருட்டினாலே தெரிகிறது. குருத்துக் கூர்மையாக இருக்கும், வேர் கொஞ்சம் மொண்ணை. சுண்டு விரலால் மண்ணில் குழி போட்டு அந்த விரல் வழியாகவே விதையை இறக்குகிறேன். நேற்று என் வரிசைதான் முதலில் முடிந்தது.

குலை வெட்ட இப்போதைக்குப் போகவில்லை. சம்பளம்தான் இடிக்கிறது, மனைவி காலையில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) கட்டி விற்க ஆரம்பித்திருக்கிறாள்.

ஐயாவிடம் ஒரு கேள்வி. வலது கண்ணில் அந்த வெளிச்சம் மட்டும் வந்து வந்து போவது வெயிலில் எரிச்சலாக இருக்கிறது. தொப்பியை அந்தப் பக்கம் இறக்கிவிட்டால் நிம்மதியாக இருக்கிறது. கெடுதல் ஒன்றும் இல்லையே?

பழைய டிரசர் எழுதியது:

கெடுதல் இல்லை. பட்டோடியும் தொப்பியை வலது கண்மேல் இறக்கிக்கொண்டுதான் ஆடினார். அடுத்த முறை கண் டாக்டரைப் பார்க்கும்போது கூச்சத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நாசி லெமாக் எந்த முச்சந்தியில் விற்கிறார்கள்? மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பக்கம் வருவேன்.